பாட்டி காட்டிய கொம்பு விரல்: ரோனி ஜேம்ஸ் டியோவின் கதை



நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி, கட்டைவிரலால் அவற்றை அமுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நிமிர்த்திக் காட்டுகிறார்களே இன்றைய பிள்ளைகள், அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுக் கொம்பு போல இருக்கும். இசைக் கச்சேரியில் காட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போதும் காட்டுகிறார்கள். அது சாத்தானின் சின்னம், அதைக் காட்டுகிற பிள்ளை கெட்ட வழியில் போகிறது என்று பயப்படுகிற பெற்றோர்களும் நம்மிடையே உண்டு.

அந்தப் பயம் சும்மா வந்துவிடவில்லை. 2001-ஆம் ஆண்டு நம் நாட்டில் 'பிளாக் மெட்டல்' இசையைப் பற்றி எழுந்த பரபரப்பைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் வரை போன விவகாரம் அது. கறுப்புச் சட்டை, மண்டை ஓட்டுப் படம், நீண்ட முடி என்றாலே சந்தேகம் என்ற நிலைமை வந்தது. இத்தனைக்கும் 1980களில் 'ராக் காப்பாக்' என்ற பெயரில் சர்ச், விங்ஸ் குழுக்களின் பாடல்கள் தோட்டத்திலும் கம்பத்திலும் பட்டணத்திலும் ஒலித்த நாடு இது. அந்தக் குழுக்களின் பாடகர்களே 1992-இல் நீண்ட முடியை வெட்டிக்கொண்ட பிறகுதான் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்ற முடிந்தது. ஆக, இந்த இசையைக் காதால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்தே முடிவு கட்டிவிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

சரி, இந்தக் கொம்பு விரல் எங்கிருந்து வந்தது? மெட்டல் மேடைகளில் அதை உலகமெங்கும் பரப்பியவர் ஒரு பாடகர். பெயர் ரோனி ஜேம்ஸ் டியோ. அமெரிக்கர். 2010-இல் காலமானார். அந்த விரலை அவர் எந்த மந்திரவாதியிடமும் கற்கவில்லை. இத்தாலியிலிருந்து குடியேறிய தம் பாட்டியிடம் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இத்தாலியக் கிராமத்து மக்களுக்குக் கண்ணேறில் நம்பிக்கை அதிகம். 'மலோக்கியோ' என்பார்கள். நம்மூரில் பூசணிக்காய் உடைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழிக்கிறோம் அல்லவா? அவர்கள் கொம்பு விரலைக் காட்டுவார்கள். பொறாமைக்காரர் யாரேனும் எதிரில் வந்தால், கைப்பிடித்து நடந்து வரும் பேரப்பிள்ளையின் மீது அந்தக் கண் படாமல் இருக்கப் பாட்டி விரலை நீட்டுவார். அவ்வளவுதான் விஷயம். பேரன் அதை ஞாபகத்தில் வைத்திருந்தார்.

ஊதுகுழலில் பழகிய மூச்சு

ரோனியின் இயற்பெயர் ரொனால்ட் ஜேம்ஸ் படவோனா. 1942 ஜூலை 10-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். உலகப்போர்க் காலம், தந்தை இராணுவப் பணியில் இருந்ததால் அங்கே பிறப்பு. வளர்ந்ததெல்லாம் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள கோர்ட்லாண்ட் என்ற சிறிய ஊரில். ஒரே பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம்.

சின்ன வயதிலேயே அவர் கையில் டிரம்பெட் வந்து சேர்ந்தது. பிறகு பிரெஞ்சு ஹார்ன். தந்தை கண்டிப்பானவர். மற்ற பிள்ளைகள் வெளியே பந்தாடும்போது ரோனி வீட்டுக்குள் மணிக்கணக்கில் ஊதிப் பழக வேண்டும். எந்தப் பிள்ளைக்குத்தான் இது பிடிக்கும்? ஆனால் பின்னாளில் அவரே பல பேட்டிகளில் சொன்னார்: பாட்டு வாத்தியாரிடம் ஒரு நாளும் போனதில்லை, தம் குரலுக்கு ஆசான் அந்த டிரம்பெட்தான் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாடுவது தொண்டையால் என்று நாம் நினைக்கிறோம். தொண்டையில் இருக்கும் குரல்நாண்கள் இரண்டு சிறிய மடிப்புகள்தாம். கீழிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. காற்றுப் போதாதபோது பாடகர் என்ன செய்வார்? கழுத்தை இறுக்குவார். நரம்பு புடைக்கும். நாண்கள் ஒன்றோடொன்று மோதி மோதிக் காய்ப்புக் காய்த்துவிடும். ராக் பாடகர்கள் பலர் பத்து வருடத்தில் குரலைத் தொலைப்பது இப்படித்தான். மேடையில் ஆள் உயர ஒலிபெருக்கிகளும் மின்சாரக் கித்தார்களும் முழங்கும்போது அந்தச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்ற வேகத்தில் கத்திவிடுகிறார்கள்.

ஊதுகுழல் வாசிப்பவருக்கு அந்த வழி கிடையாது. நம் நாதஸ்வர வித்துவான்களைக் கவனித்துப் பாருங்கள். தம் பிடிப்பது வயிற்றிலிருந்து. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கி, நுரையீரலின் அடிவரை காற்று நிறைந்து, அது ஒரே சீராக வெளியே வரவேண்டும். இல்லையென்றால் ஸ்வரம் நடுங்கும். ரோனி ஐந்தாறு வயதிலிருந்து செய்தது இந்தப் பயிற்சி. ஆள் உயரம் குறைவு, உடம்பும் ஒல்லி. ஆனால் வாயைத் திறந்தால் அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். அந்தக் குரலில் இன்னொரு சிறப்பு, சொல் தெளிவு. எவ்வளவு உச்சத்தில் பாடினாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். ஹெவி மெட்டல் என்றால் காட்டுக் கத்தல் என்று நினைப்பவர்கள் இவர் பாடிய ஒரு பாட்டையாவது கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளி மாணவராக இருந்தபோதே, 1957-இல், நண்பர்களோடு சேர்ந்து 'வேகாஸ் கிங்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். அதில் அவர் வாசித்தது பேஸ் கித்தார். பிறகுதான் பாட வந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் காலம் அது. ஹெவி மெட்டல் என்ற சொல்லே இசைக்குப் பொருந்தாத காலம். குழுவின் பெயர் அடிக்கடி மாறியது. அவருடைய பெயரும் மாறியது. 'டியோ' என்ற பெயரை ஜானி டியோ என்ற நியூயார்க் தாதாவிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இத்தாலிய மொழியில் 'டியோ' என்றால் கடவுள். சாத்தானின் ஆள் என்று பின்னாளில் பழிக்கப்பட்டவரின் பெயருக்குப் பொருள் அது!

எருமைமாட்டுப் பெயர் கொண்ட பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கச் சேர்ந்தார், முடிக்கவில்லை. மருந்துக் கடை வைத்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பதினெட்டு வருடம் காத்திருந்தவர்

1957-லிருந்து 1975 வரை கணக்குப் போடுங்கள். பதினெட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் பள்ளி நடன விழாக்கள், மதுக்கடைகள், சிறிய ஊர்களின் மண்டபங்கள் என்று பாடிக்கொண்டே இருந்தார். இன்று ஒரு பாட்டுப் போட்டியில் மூன்று வாரம் வந்துவிட்டு நட்சத்திரமாகிவிட்டதாக நினைக்கும் இளைஞர்களுக்கு இந்தப் பதினெட்டு ஆண்டு புரியுமா தெரியவில்லை.

இடையில் பெரிய அடி ஒன்று விழுந்தது. 1968 பிப்ரவரியில் குழுவினர் சென்ற வாகனம் விபத்தில் சிக்கியது. கித்தார் கலைஞர் நிக் பான்டாஸ் இறந்துபோனார். ரோனி உட்பட மற்றவர்கள் காயம்பட்டனர். தேறி வந்தவர்கள் குழுவைக் கலைக்கவில்லை. 'எல்ஃப்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1972-இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது. அதைத் தயாரித்தவர்கள் இங்கிலாந்தின் புகழ்பெற்ற டீப் பர்ப்பிள் குழுவின் ரோஜர் குளோவரும் இயன் பெய்ஸும். அதன் பிறகு டீப் பர்ப்பிள் கச்சேரிகளுக்கு முன்னால் அரைமணி, முக்கால்மணி பாடும் வாய்ப்பு எல்ஃபுக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு இரவும் மேடை ஓரத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் டீப் பர்ப்பிளின் கித்தார் மேதை ரிச்சி பிளாக்மோர். 1975-இல் அவர் தம் குழுவை விட்டு விலகி, எல்ஃப் குழுவினரையே கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டு 'ரெயின்போ' என்ற புதுக் குழுவை அமைத்தார். கொஞ்ச நாளில் ரோனியைத் தவிர மற்ற எல்லாரையும் மாற்றிவிட்டார் என்பது வேறு கதை. பிளாக்மோரின் குணம் அப்படி.

ரெயின்போ 1976-இல் வெளியிட்ட 'ரைசிங்' ஆல்பத்தில் 'ஸ்டார்கேசர்' என்று எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாடல் இருக்கிறது. மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு பின்னணியில் வாசித்தது. பாடலின் கதை இது: ஒரு மந்திரவாதி வானத்தில் பறக்கப் போவதாகச் சொல்லி, அடிமைகளை வருடக்கணக்கில் வேலை வாங்கிக் கல் கோபுரம் கட்டுகிறான். வெயிலில் செத்துச் செத்து அவர்கள் கட்டுகிறார்கள். கடைசியில் அவன் மேலே ஏறிப் பறக்க முயல்கிறான், விழுந்து சாகிறான். பாடுவது அடிமைகளுள் ஒருவன். இத்தனை நாள் எதற்காக உழைத்தோம் என்று தவித்துப் போய் நிற்பவனின் குரல் அது. பாட்டில் மந்திரவாதி இருக்கிறான் என்பதைப் பார்த்து மாந்திரீகப் பாட்டு என்றார்கள் சிலர். பால்மரம் சீவிய கையோடு துரைமாரின் பங்களாவை அண்ணாந்து பார்த்தவர்களின் வாரிசுகளான நமக்கு அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று புரியாமல் போகாது.

ஆனால் பிளாக்மோருக்கு வானொலியில் ஓடக்கூடிய காதல் பாட்டு வேண்டியிருந்தது. ரோனிக்கு அதில் இஷ்டமில்லை. 1979-இல் விலகினார். வயது 36. வேலை இல்லை.

அதே 1979-இல் இங்கிலாந்தில் பிளாக் சபாத் குழு தன் பாடகர் ஓஸி ஆஸ்பர்னை நீக்கியது. ஹெவி மெட்டல் இசைக்குப் பிறப்பிடம் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் குழு இது. பர்மிங்ஹாம் தொழிற்சாலைப் பகுதியில் வளர்ந்த நான்கு பையன்கள் 1970-இல் வெளியிட்ட ஆல்பத்தில்தான் அந்தக் கனமான, இருண்ட ஓசை உருவானது. கித்தார் வாசிக்கும் டோனி அயோமி பதினேழு வயதில் இரும்புத் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறைய வேண்டுமென்று தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். ஓசை தாழ்ந்து கனத்தது. ஒரு தொழிலாளியின் காயம் அந்த இசையில் இருக்கிறது.

இந்த அயோமியும் ரோனியும் சந்தித்த புதிதில் சேர்ந்து எழுதிய முதல் பாட்டு 'சில்ட்ரன் ஆஃப் த சீ'. 1980 ஏப்ரலில் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் வந்தது. ஓஸி போனதோடு பிளாக் சபாத் முடிந்தது என்று எழுதியவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிரிட்டனில் அது ஒன்பதாம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

விரல் மேடைக்கு வந்த கதை

இங்கேதான் பாட்டியின் விரல் மேடை ஏறுகிறது. ஓஸி ஆஸ்பர்ன் இரண்டு கையிலும் இரண்டு விரலை விரித்து அமைதிச் சின்னம் காட்டுவார். ரசிகர்களுக்கு அது பழக்கம். புதிதாக வந்த ரோனி அதையே காட்டினால் இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டது போலிருக்கும் என்று நினைத்தார். தமக்கென்று ஒன்று வேண்டும். பாட்டியின் ஞாபகம் வந்தது. காட்டினார். முன் வரிசை திருப்பிக் காட்டியது. பிறகு அரங்கம் முழுவதும்.

தாம்தான் இதைக் கண்டுபிடித்ததாக அவர் எப்போதும் சொல்லவில்லை. கோவன் என்ற அமெரிக்கக் குழுவினர் 1969-இலேயே தங்கள் ஆல்பத்தின் படத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள். பழைய இத்தாலியில் எத்தனை பாட்டிகள் காட்டினார்களோ! ஆனால் 2017-இல் 'கிஸ்' குழுவின் ஜீன் சிம்மன்ஸ் கட்டைவிரலும் நீட்டிய ஒரு கொம்பு விரலைத் தம் வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அமெரிக்க அலுவலகத்தில் விண்ணப்பித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். பாட்டிமார் சொத்துக்கு ஒருவர் பட்டா கேட்டால் சும்மா இருப்பார்களா?

1982-இல் கச்சேரிப் பதிவு ஒன்றின் ஒலிக்கலவை பற்றிய சண்டையில் பிளாக் சபாத்தையும் விட்டு வெளியேறினார் ரோனி. இந்த முறை சொந்தக் குழு. பெயரே 'டியோ'. மனைவி வெண்டி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். 1983-இல் வந்த 'ஹோலி டைவர்' ஆல்பம்தான் அவருக்கு இன்றுவரை அடையாளம். அதில் 'ரெயின்போ இன் த டார்க்' என்ற பாட்டு ரோனிக்கே பிடிக்கவில்லை. ரொம்ப மெல்லிசையாகப் போய்விட்டது என்று ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டிப் போட நினைத்தாராம். குழுவினர் தடுத்தார்கள். அதுதான் பெரிய வெற்றிப் பாட்டானது. கலைஞனுக்குத் தன் பிள்ளைகளில் எது தேறும் என்று எப்போதும் தெரிவதில்லை.

ஆல்பத்தின் அட்டைப்படம்தான் வம்பானது. கொம்பு முளைத்த பூதம் ஒன்று நிற்கிறது. கீழே அலைகடலில், சங்கிலியால் கட்டப்பட்ட பாதிரியார் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ரோனியின் பதில் எளிமையானது. பூதம்தான் கெட்டவன், அங்கி போட்டவர் நல்லவர் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். பார்வைக்கு ஏமாறுகிறீர்கள் என்பது அவர் வாதம். குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்ட சில பாதிரியார்களைப் பற்றிய செய்திகள் பிற்காலத்தில் நாடு நாடாக வெளிவந்தபோது, அந்த அட்டையை நினைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 'டியோ' என்று எழுதிய எழுத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஆங்கிலத்தில் 'பிசாசு' என்ற சொல் தெரிகிறது என்றும் கிளப்பிவிட்டார்கள். தேடினால் தேங்காய் மூடியிலும் மூன்று கண் தெரியும்.

1985: ஒரே வருடம், இரண்டு காட்சிகள்

இந்தக் கட்டத்தில் நிதானமாக நிற்க வேண்டும். எத்தியோப்பியாவில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். மைக்கேல் ஜாக்சன் உள்ளிட்ட அமெரிக்கப் பாடகர்கள் ஒன்றுகூடி 'வீ ஆர் த வேர்ல்ட்' பாடி நிதி திரட்டியது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஹெவி மெட்டல் கலைஞர் ஒருவரும் இல்லை. டியோ குழுவின் ஜிம்மி பெய்னும் விவியன் கேம்பலும் இதைக் கவனித்து ரோனியிடம் சொன்னார்கள். 1985 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுமார் நாற்பது மெட்டல் கலைஞர்கள் கூடினார்கள். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' பாடகர் ராப் ஹால்போர்ட் முதல் சுவீடனின் கித்தார் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீன் வரை. 'ஹியர் அண்ட் எய்ட்' என்ற பெயரில் 'ஸ்டார்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். இசை நிறுவனங்களின் ஒப்பந்தச் சிக்கலால் வெளிவர 1986 ஆகிவிட்டது. ஆனாலும் ஒரே ஆண்டில் பத்து லட்சம் டாலர் திரண்டது.

அந்த மே மாதத்துக்கு நான்கு மாதம் கழித்து, 1985 செப்டம்பர் 19-ஆம் தேதி, வாஷிங்டனில் அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்று கூடியது. விவாதப் பொருள்: ராக், மெட்டல் பாடல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா? செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் முதலானோர் அமைத்த பெற்றோர் சங்கத்தின் முயற்சி அது. மெட்டல் பாடகர்களுள் டீ ஸ்னைடர் நேரில் போய்ப் பதில் சொன்னார். ஆல்பங்களில் 'பெற்றோர் கவனத்திற்கு' என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் அதன் விளைவாக வந்தது. பெற்றோர்களின் கவலையை நான் கேலி செய்யவில்லை. கெட்ட பாட்டுகளும் இருக்கத்தான் செய்தன. ஆனால் நாற்பது பேர் சேர்ந்து பசிக்காகப் பாடிய பாட்டு அந்த வருடத்துப் பரபரப்பில் யார் கண்ணிலும் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட வீடு விட்டு ஓடிய பிள்ளைகளை மீட்கும் 'சில்ட்ரன் ஆஃப் த நைட்' அமைப்புக்கும் ரோனியும் வெண்டியும் பல ஆண்டுகள் துணை நின்றார்கள்.

இறங்குமுகமும் திரும்பி வந்ததும்

1990களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 'கிரஞ்ச்' இசை வந்தது. மெட்டலைப் பழைய சரக்கு என்று ஒதுக்கினார்கள். பெரிய விளையாட்டரங்குகளில் பாடியவர் சிறிய கிளப்புகளுக்குத் திரும்பினார். 1992-இல் பிளாக் சபாத்துடன் மீண்டும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார். அதே ஆண்டு நவம்பரில், ஓஸியின் பிரியாவிடைக் கச்சேரிக்கு முன்னால் பாட மாட்டேன் என்று சொல்லி விலகிவிட்டார். அந்த இரண்டு இரவும் ராப் ஹால்போர்ட் வந்து பாடிக் கொடுத்தார். பிடிவாதம் ரோனியிடம் இருந்தது. அதனால் அவர் இழந்ததும் உண்டு.

ஆனால் ஐம்பது பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் கச்சேரி முடிந்தபின் வெளியே நின்று ரசிகர்களுடன் பேசிவிட்டுத்தான் போவார் என்பதை அவரோடு பணியாற்றியவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். வருடம் கழித்து வந்த ரசிகரின் பெயரைச் சொல்லி அழைப்பாராம்.

2006-இல் அயோமியும் கீசர் பட்லரும் வின்னி அப்பீஸும் மீண்டும் அவரை அழைத்தார்கள். பிளாக் சபாத் என்ற பெயரைத் தொடாமல், 1980-இன் ஆல்பப் பெயரையே எடுத்து 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று குழுவுக்கு வைத்தார்கள். 2007 மார்ச்சில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் பாடியபோது அவருக்கு வயது 64. அந்தப் பதிவைக் கேட்டால் நம்ப முடியாது. பழைய உச்சம் எதையும் விட்டுவிடாமல் பாடுகிறார். ஐந்து வயதில் டிரம்பெட்டில் பழகிய மூச்சு. 2009-இல் 'த டெவில் யூ நோ' ஆல்பம். அந்த ஆகஸ்ட் 29-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் பாடினார். அதுவே கடைசிக் கச்சேரி.

வயிற்று வலி

பல வருடங்களாக அவருக்கு அஜீரணம் இருந்தது. நெஞ்செரிச்சல், வயிறு உப்பல். கடையில் கிடைக்கும் அமிலம் தணிக்கும் மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். மேடைக்குப் போகிறவருக்கு வயிற்றைக் கவனிக்க நேரம் எங்கே? 2009 நவம்பரில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெற்றார். 2010 ஏப்ரலில் மெலிந்த உடம்போடு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விருது விழாவுக்கு வந்து, சிறந்த பாடகர் விருதை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவரைப் பொதுமேடையில் யாரும் பார்க்கவில்லை. மே 16-ஆம் தேதி காலமானார். வயது 67.

மே 30-ஆம் தேதி நடந்த நினைவுக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த சிலரும் வந்தார்கள், கையில் பதாகைகளோடு. அவர் சாத்தானை வழிபட்டவர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இறந்த பிறகும் விடவில்லை. அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம், ரோனிக்கு வெறுப்பும் வன்முறையும் பிடிக்காது, மறு கன்னத்தைக் காட்டுங்கள் என்று வெண்டி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பைபிள் சொல்லும் பாடத்தை அங்கே யார் கடைப்பிடித்தார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் பல்கேரியாவின் கருங்கடல் கரையில் உள்ள கவர்னா நகரம் அவருக்குச் சிலை எழுப்பியது. அவர் எழுதி முடிக்காமல் விட்டுச் சென்ற சுயசரிதை 2021-இல் நூலாக வந்தது.

போவதற்கு முன் அந்த வயிற்று வலி விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். நம் வீடுகளிலும் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் எத்தனை பேர்! இரைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் அஜீரணம் போலவேதான் இருக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும் உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுத்துப் போவது, இவை இருந்தால் மருத்துவரைப் பார்த்து, தேவையானால் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். இந்த நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமி. அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவருக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து கொடுத்து அழிக்கக்கூடிய கிருமிதான். நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம் காணப்படுவதாகச் சொல்கின்றன.

வெண்டி தம் கணவர் பெயரில் புற்றுநோய் நிதி ஒன்றைத் தொடங்கினார். பௌலிங் போட்டியும் மோட்டார் சைக்கிள் ஊர்வலமும் நடத்திப் பணம் திரட்டுகிறார்கள். எச்சிலைச் சோதித்தே இரைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று கலிபோர்னியாவில் நடக்கும் ஆய்வுக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போயிருக்கிறது. கறுப்புச் சட்டையும் நீண்ட முடியுமாக மோட்டார் சைக்கிளில் வந்து அந்த உண்டியலில் காசு போடுகிறவர்கள், புறப்படும்போது ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது பாட்டியின் அந்த விரலைத்தான்.